இரண்டடி ஓட்டையும் ஒரு கைப்பிடிச்சுவரும்

இரண்டடி. தாராவியில் தொண்ணூறடி ரோட்டிலிருந்து பிரியும் ஒரு கல்லிச் சந்துக்குள், கரீம் பாட்சாவின் பை தைக்கும் கார்கானாவில், மேல்தட்டின் தரையில் வெட்டியிருக்கும் ஓட்டையின் அகலம் அவ்வளவுதான். கூரைக்குக் கீழே பலகை அடித்து உண்டாக்கிய அந்த மேல்தட்டை எல்லாரும் மாலா என்கிறார்கள். கீழே துணி வெட்டும் மேஜை, பசை ஒட்டும் வேலை, நூல் வெட்டும் வேலை. மேலே தையல் மெஷின்கள். ஏறுவதற்குச் செங்குத்தான இரும்பு ஏணி ஒன்று. இறங்குவதற்கும் அதேதான்.

விஜயராணி அந்த ஓட்டைக்குள் தலையை நுழைத்து, முழங்கையை ஊன்றி, உடம்பை மேலே இழுத்துக்கொள்ளத் தொடங்கியது கல்யாணமான மறுவருஷம். இப்போது வயது நாற்பத்து நான்கு. “அப்பம் ஓட்டை பெருசா இருந்துச்சு. இப்பம் சுருங்கிட்டு” என்று தன் இடுப்பைத் தட்டிக்கொண்டு சொல்வார். ஸ்கூல் பை, ஆபீஸ் பை, கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுக்கும் பை என்று அவர் கைபட்டவை மும்பை முழுக்க யார் யார் தோளிலோ தொங்குகின்றன.

அத்தனை வருஷம் ஏறி இறங்கிய ஓட்டையை அவர் டேப் வைத்து அளந்தது இந்த வருஷம் ஜனவரியில்தான். பூமாரி செத்த பிறகு.

பூமாரி அடுத்த கல்லியில் வேறொரு கார்கானாவில் தைத்துக்கொண்டிருந்தவர். இரண்டு பேருக்கும் ஊர் தென்காசிப் பக்கம். மதியம் ஒன்றாக உட்கார்ந்துதான் சாப்பிடுவார்கள். அன்று விஜயராணி டப்பாவை எடுத்துக்கொண்டு போய்க் கீழே நின்று கூப்பிட, மேலேயிருந்து பூமாரி எட்டிப் பார்த்து, “நீ திங்க ஆரம்பி. இந்த லாட்டை முடிச்சிட்டு வாரேன். மீன் துண்டை மட்டும் வச்சிரு” என்றார். விஜயராணி தன் கல்லிக்குத் திரும்பி மூடியைத் திறக்கும்போது புகை வாசம் வந்தது.

கீழே சார்ஜில் போட்டிருந்த வண்டி பேட்டரி ஒன்று பற்றியிருக்கிறது. ஏணியை ஒட்டி ரெக்ஸின் ரோல்களை அடுக்கி வைத்திருந்தார்கள், வேறு இடமில்லை என்று. மேலே இருந்தவர்களில் மற்றவர்கள் எப்படியோ விழுந்து புரண்டு இறங்கிவிட்டார்கள். பூமாரி இறங்கவில்லை. அந்த மாலாவில் ஜன்னல் உண்டு. ஜன்னலுக்குக் கிரிலும் உண்டு. திருடன் வருவான் என்று பயந்து, திறக்கவே முடியாதபடி நாலு மூலையும் வெல்டிங் வைத்த கிரில். திருடனுக்குப் பயந்த முதலாளி தீக்குப் பயப்படவில்லை. அந்தக் கம்பிக்கு வெளியே கல்லியில் நின்று ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. விஜயராணியும் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். “கர்த்தர் ஒன்னையக் காத்தாரு.”

“அப்பம் பூமாரியை?” என்று கேட்டார் விஜயராணி. ஒரு பெண், “அவ நம்ம சபை இல்லியேக்கா” என்றாள்.

விஜயராணி கையில் அப்போது டீ டம்ளர் இருந்தது. “அன்னைக்கு அந்த டம்ளரை அவ மூஞ்சியில வீசாம தரையில வச்சேம் பாருங்க, இந்த வருஷம் எனக்கு நடந்த மொத அற்புதம் அதுதான்” என்கிறார்.

பயம் அவருக்கு முதலில் கையில்தான் வந்தது. மறுவாரம் வேலைக்குப் போனார். ஏணியில் கால் வைத்தார். பாதி ஏறியதும் கம்பியைப் பிடித்த விரல்கள் பூட்டிக்கொண்டன. மேலேயும் போக முடியவில்லை, கீழேயும் வர முடியவில்லை. வெட்டும் மாஸ்டர் தப்ரேஸ் வந்து விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து இறக்கிவிட வேண்டியிருந்தது.

பிறகு பயம் வீட்டுக்கும் வந்தது. கேஸ் குமிழைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்ப்பார். செருப்பைப் போட்ட பிறகு மறுபடி கழற்றிவிட்டுப் போய்ப் பார்ப்பார். சார்ஜரில் போட்ட எதையும் விட்டுவைக்க மாட்டார். கணவர் ராஜபாண்டி டிரைவர். ஒருநாள் விஜயராணி அவர் போனைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிப் போட, அலாரம் அடிக்காமல், அவருடைய காலை டிரிப் போய்விட்டது. “டென்ஷன் எடுக்காத, டென்ஷன் எடுக்காதன்னு தலைபாடா அடிச்சுக்கிடுதேன். நீ எடுக்கது மட்டுமில்ல, எனக்கும் பங்கு வைக்க” என்று அவர் கத்தினார். விஜயராணியும் திருப்பிக் கத்தினார். ஆனால் கத்தும்போதே மனசுக்குள் இன்னொரு குரல் ஓடிக்கொண்டிருந்தது. இப்ப புகை வரும். இப்ப வரும். எம் மவ பெனிட்டா காலேஜ் விட்டு வந்து கதவைத் தட்டுவா. திறக்க ஆள் இருக்காது.

கார்கானாவில் கரீம் பாட்சா அவரைக் கீழேயே உட்கார வைத்தார். கடையநல்லூர்க்காரர். கெட்ட மனுஷர் இல்லை. ஆனால் சீசன் என்றால் அவருக்கு வாப்பா, உம்மா யாரும் கிடையாது. “கீழ இருந்து நூல் வெட்டு ராணிம்மா. ஆனா ஈஸ்டர் முடிஞ்சா ஸ்கூல் பை ஆர்டர் வந்து குமியும். அதுக்குள்ள ஏறிரு. இல்லேன்னா ஒம் மெஷினுல வேற ஆளைத்தான் போடணும். நான் என்ன செய்யட்டும், சொல்லு.”

மெஷின் போனால் வேலையே போன மாதிரிதான். நூல் வெட்ட யார் வேண்டுமானாலும் கிடைப்பார்கள். அந்த மெஷினில்தான் இந்த வருஷத்து வாக்குத்தத்த அட்டையையும் ஒட்டியிருந்தார். புத்தாண்டு ஆராதனையில் சபையார் ஆளுக்கொரு வசன அட்டை எடுப்பார்கள். கண்ணை மூடிக்கொண்டு தட்டிலிருந்து எடுக்க வேண்டும். எது கைக்கு வருகிறதோ அதுதான் அந்த வருஷத்துக்குக் கர்த்தர் கொடுத்த வார்த்தை. விஜயராணிக்குக் கிடைத்தது பயப்படாதே என்று தொடங்கும் வசனம். பயப்படாதே என்ற அட்டை மேலே மெஷினில் இருந்தது. பயந்தவர் கீழே நூல் வெட்டிக்கொண்டிருந்தார்.

அரசு ஆஸ்பத்திரியில் டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். சில மாதங்கள் விடாமல் போட வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது, குறைப்பதாக இருந்தால் நான்தான் குறைப்பேன் என்றார். இரண்டு வாரத்தில் தூக்கம் வந்தது. கேஸ் குமிழைத் தொடுவது குறைந்தது. அப்போதுதான் சொர்ணம்மாளுக்கு விஷயம் தெரிந்தது.

சொர்ணம்மாள் விஜயராணி குடியிருக்கும் சாலில், அந்த வரிசை வீடுகளில், நாலு வீடு தள்ளிக் குடியிருக்கிறார். சபையின் உபவாச ஜெபக் குழுவுக்கு அவர்தான் எல்லாம். யார் வீட்டில் காய்ச்சல் என்றாலும் முதல் ஆளாகக் கஞ்சியோடு நிற்பார். கஞ்சி குடித்து முடிக்கும் முன் ஜெபத்தையும் முடித்துவிடுவார். மாத்திரை அட்டையைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். அதிலிருந்த ஆங்கிலம் ஒரு எழுத்தும் அவருக்குத் தெரியாது.

“ஏட்டி ராணி, இது பைத்தியத்துக்குக் குடுக்க மாத்திரையாக்கும்.”

“தூக்கத்துக்குக்கா.”

“தூக்கத்தைக் கர்த்தர் தருவாரு. பயம்னா என்ன? அவிசுவாசம். ஏணியில ஒங் கையைப் பிடிச்சு இழுக்கது பய ஆவி. அதுக்கு மாத்திரை குடுத்தா அது தின்னுட்டு இன்னும் கொழுக்கும்.”

“நீங்க சுகருக்கு மாத்திரை போடுதீங்கள்லா?”

“அது ரத்தம். இது ஆத்துமா. ரெண்டும் ஒண்ணாட்டி? வேதம் முழுக்க எத்தனை பயப்படாதே இருக்கு தெரியுமா? வருஷத்துல ஒரு நாளைக்கு ஒண்ணுன்னு இருக்கு. ஒனக்குன்னே ஒண்ணைக் கையில குடுத்தாரு. நீ அதை நம்பாம டாக்டரை நம்புத.”

கடைசி வாக்கியம்தான் விஜயராணியைப் பிடித்தது. ஆறுதல் போலச் சொன்னாலும் அது குற்றச்சாட்டு. ஏற்கெனவே பயந்திருந்தவருக்கு, பயப்படுவதைப் பற்றிய பயம் ஒன்றும் சேர்ந்தது. இரவெல்லாம் வந்த எண்ணத்தில் ஒரு வரி கூடியது. உனக்கு விசுவாசம் இல்லை, அதனால்தான் இது உன்னை விடவில்லை.

ஈஸ்டருக்கு முந்திய லெந்து நோன்பு நாட்கள் நடந்துகொண்டிருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை காணிக்கைப் பை தன் வரிசைக்கு வந்தபோது, விஜயராணி மாத்திரை அட்டையை அப்படியே மடித்து அதற்குள் போட்டுவிட்டார். பக்கத்தில் இருந்த சொர்ணம்மாள் “ஸ்தோத்திரம்” என்று முணுமுணுத்தார்.

வேறு ஊரில், வேறு மதத்தில் ஒருத்தி மாத்திரையை நிறுத்துவதென்றால் குப்பையில் போடுவாள். காணிக்கைப் பையில் போட நம் ஆட்களால்தான் முடியும்.

அடுத்து வந்த நாட்களைப் பற்றி விஜயராணி பேச விரும்புவதில்லை. தூக்கம் முதலில் போனது. பிறகு தலைக்குள் மின்சாரம் அடிப்பது போல் வெட்டியது. தண்ணீர் வரும் காலை நேரத்தில் கல்லிக் குழாயடியில் குடத்தோடு சரிந்து விழுந்தார். தூக்கிக்கொண்டு ஓடியது ராஜபாண்டியும் தப்ரேஸும். டாக்டர் கேட்ட முதல் கேள்வி, யார் நிறுத்தச் சொன்னது? விஜயராணி சொல்லவில்லை. பெனிட்டா சொன்னாள். டாக்டர் அதே மாத்திரையை மறுபடி எழுதினார். பிறகு, “அடுத்த தடவை அவங்களையும் கூட்டிட்டு வாங்க” என்று மட்டும் சொன்னார்.

அந்த வாரம் சபைப் பொருளாளர் பிச்சையா வீட்டுக்கு வந்தார். அணுசக்தி நகர்ப் பக்கம் அணு உலையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். மடித்த கவரிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்து நீட்டினார். “காணிக்கை எண்ணும்போது கெடச்சிச்சு. யாருதுன்னு தெரியல. குடையை விட்டுட்டுப் போனா சபையில அறிவிப்புக் குடுக்கலாம். மாத்திரையை எப்படி அறிவிக்கது? நீ விழுந்தேன்னு கேட்டதும் புரிஞ்சிச்சு.”

விஜயராணி அழவில்லை. கோபமாகக் கேட்டார். “அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க. பயப்படுறது பாவமா?”

பிச்சையா யோசித்தார். “எங்க வேலையில பயப்படுறதுக்குத்தாம்மா சம்பளமே. பயம் இல்லாதவன்னு தெரிஞ்சா உள்ள விடமாட்டான். மத்ததை பாஸ்டர்கிட்ட கேளு.”

விஜயராணி பாஸ்டரிடம் கேட்கவில்லை. இரண்டு ஞாயிற்றுக்கிழமை சபைக்கே போகவில்லை. கர்த்தரோடு சண்டை என்றார். எப்படிச் சண்டை என்றால், ஜெபத்தில் உட்கார்ந்து, “நீர் சொல்லும். இவிய யாரும் பேசப்படாது. நீரே சொல்லும்” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வார். ஒன்றும் கேட்காது. எழுந்து சோறு வடிப்பார். அட்டையில் அச்சடித்த அரை வசனம் இனி வேண்டாம், முழுசாகப் படிக்கப் போகிறேன், முதல் பக்கத்திலிருந்து, என்ன சொல்லியிருக்கிறார் என்று நானே பார்க்கிறேன் என்றார். படிக்க நேரம் எங்கே இருக்கிறது? பெனிட்டாவுக்குத் தமிழ் எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆனால் போனில் என்ன இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வேதம் முழுவதையும் ஒருவர் வாசித்துப் பதிவு செய்தது கிடைத்தது. “படிக்க முடியலன்னா கேளு மம்மி. ஒரு காதுல போட்டுக்கோ, இன்னொரு காதுல பாயி கத்துறதைக் கேட்டுக்கோ.”

அப்படித்தான் கீழே நூல் வெட்டிக்கொண்டே விஜயராணி வேதத்தைக் கேட்கத் தொடங்கினார். ஆதியிலிருந்து. தங்கச்சிக்குப் பேசிய மாப்பிள்ளையைக் கட்டிக்கொண்ட அக்காக்காரி, அண்ணனை ஏமாற்றிய தம்பி, தம்பியைக் குழியில் தள்ளிய அண்ணன்மார் எல்லாரும் சாலில் குடியிருப்பவர்கள் மாதிரி இருந்தார்கள். பிறகு மோசேயின் சட்டங்கள் வந்தன. எந்தப் பிராணியைத் தின்னலாம், சுவரில் பூஞ்சை வந்தால் யாரைக் கூப்பிட வேண்டும், தொலைந்த மாடு கிடைத்தால் என்ன செய்ய வேண்டும். எரிச்சலாக வந்தது. “எம் பொழப்பு என்ன, இவரு மாட்டைப் பத்திப் பேசிக்கிட்டு இருக்காரு” என்று தப்ரேஸிடம் சொன்னார்.

“தள்ளி விடுங்கக்கா. முன்னால ஓட்டுங்க.”

“எல்லாரும் தள்ளித் தள்ளிப் படிச்சுத்தான் நான் இங்க உக்காந்திருக்கேன்” என்றார் விஜயராணி. ஓட்டவில்லை.

மறுநாள் ஒரு பள்ளிப் பையின் வாரில் நூல் வெட்டிக்கொண்டிருந்தபோது அது வந்தது. புது வீடு கட்டுகிறவன் மாடியைச் சுற்றிக் கைப்பிடிச்சுவர் கட்டியே ஆக வேண்டும் என்று ஒரு சட்டம். கட்டாமல் விட்டு, அங்கிருந்து ஒருத்தன் விழுந்தால், அந்த ரத்தப்பழி வீட்டின் மேல். அவ்வளவுதான். அடுத்து திராட்சத் தோட்டத்தில் விதைப்பது பற்றிப் போய்விட்டது.

விஜயராணி நிறுத்தினார். திரும்பக் கேட்டார். மறுபடியும் கேட்டார். கத்தரியைக் கீழே வைத்தார்.

பிறந்ததிலிருந்து சபையில் இருக்கிறார். இந்தச் சட்டத்தை ஒருவரும் பிரசங்கம் பண்ணிக் கேட்டதில்லை. எந்தப் புத்தாண்டுத் தட்டிலும் இது அட்டையாக வந்ததில்லை. வராது. மாடியிலிருந்து விழப் பயப்படுகிறவனைப் பார்த்து ஏன் பயப்படுகிறாய் என்று அங்கே கேட்கவில்லை. நீ விசுவாசமாக இரு, விழமாட்டாய் என்று சொல்லவில்லை. மாடி கட்டினவனைப் பார்த்து, சுவர் எங்கே என்று கேட்கிறது.

ஜனவரியிலிருந்து அவருக்குள் ஒரு கோபம் போக இடமில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. கணவர் மேல், சொர்ணம்மாள் மேல், தன் மேல், கர்த்தர் மேல் என்று கண்ட இடத்தில் முட்டியது. அன்று அதற்கு ஒரு வாசல் தெரிந்தது. எழுந்து நேராகக் கரீம் பாட்சாவின் மேஜைக்குப் போனார்.

“பாயி, மாலாவுக்கு எத்தனை வழி?”

“என்ன கேள்வி இது? ஒரு வழி.”

“நம்ம ஜன்னலும் வெல்டிங் வச்சதுதான். கிரிலை அறுக்கணும். கீல் வச்சு உள்ளேயிருந்து தொறக்க மாதிரி போடணும். வெளிச் செவுத்துல ஏணி வைக்கணும்.”

கரீம் பாட்சா சிரித்தார். “ராணிம்மா, ஒனக்கு மனசு சரியில்ல. அதுக்கு நான் செவுத்தை இடிக்கணுமா? மருந்து சாப்பிடு, சரியாப் போயிரும்.”

“மருந்தும் திங்கேன். மருந்து என் கையைச் சரி பண்ணும். ஓட்டையைப் பெருசாக்குமா? ரெண்டடி. நான் அளந்திருக்கேன். ரெக்ஸின் ரோலை எங்க அடுக்கியிருக்கீங்க, திரும்பிப் பாருங்க.”

ரோல்கள் ஏணியை ஒட்டித்தான் நின்றன. கரீம் பாட்சா திரும்பிப் பார்த்தார். வெட்டுவதை நிறுத்திவிட்டுத் தப்ரேஸும் பார்த்தார்.

“கல்லி நம்மது இல்லம்மா. எதுத்த வீட்டுக்காரன் சண்டைக்கு வருவான். திருட்டுப் போனா நீ பொறுப்பா?”

“திருட்டுப் போனா பை போவும். பூமாரி வீட்டுல என்ன போச்சு? நீங்களும்தான் வந்தீங்க. நீங்களும்தான் தூக்குனீங்க. எவ்வளவு கனம் இருந்தா, சொல்லுங்க.”

எரிந்த உடம்புக்குக் கனம் இருக்காது. அது கரீம் பாட்சாவுக்கும் தெரியும்.

“நான் பயந்தவதான்” என்றார் விஜயராணி. “ஆனா இது என் பயம் மட்டும் இல்ல. கட்டுனவன் செவுரு வைக்கணும்னு எங்க வேதத்துல சட்டம் இருக்கு. வைக்காம யாராச்சும் விழுந்தா பழி வீட்டுக்காரன் தலையில. ஒங்க மார்க்கத்துல எப்படின்னு நீங்க பாத்துக்கிடுங்க.”

கரீம் பாட்சா எழுந்து வெளியே போய்விட்டார். அன்று முழுக்கத் திரும்பவில்லை. வேலை போயிற்று என்று தப்ரேஸ் உட்பட எல்லாரும் நினைத்தார்கள். விஜயராணியும் நினைத்தார். வீட்டுக்கு வந்து ராஜபாண்டியிடம் சொன்னார். “போச்சுன்னா போவட்டும்” என்றார் அவர். பயத்தில் தானும் பங்கு வாங்கிய மனுஷர் அன்று முதல் தடவையாகக் கோபத்திலும் பங்கு வாங்கினார். “நான் வந்து பேசணுமா?”

“வேண்டாம். நீங்க வந்தா அடிதடியாயிரும்.”

மறுநாள் காலையில் ரோல்கள் ஏணிப் பக்கத்திலிருந்து எடுத்து வாசல் ஓரம் அடுக்கப்பட்டிருந்தன. பெரிய வெள்ளியன்று விஜயராணி லீவு. அன்றைக்கு வெல்டர் வந்து கிரிலை அறுத்திருக்கிறார். எதிர் வீட்டுக்காரர் சண்டைக்கு வந்திருக்கிறார். அவருக்குக் கரீம் பாட்சா என்ன சொல்லிச் சமாளித்தார் என்று இன்று வரை தெரியவில்லை.

சனிக்கிழமை விஜயராணி ஏணியில் கால் வைத்தார். நம்பிக்கையோடு ஏறினார் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பாதியில் விரல்கள் பழையபடி பூட்டிக்கொண்டன. இப்ப புகை வரும் என்று குரல் ஆரம்பித்தது. முன்பெல்லாம் அந்தக் குரலோடு, வராது வராது என்று வாதாடித் தோற்பார். இந்தத் தடவை வேறு மாதிரி பதில் சொன்னார். வந்தா ஜன்னல் இருக்கு. அடுத்து, சின்ன வயசில் ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த வேதத்துச் சங்கீத வரி ஒன்று ஞாபகம் வந்தது. பயப்படுகிற நாளில் உம்மை நம்புவேன் என்று பாடியவன் சொல்லியிருக்கிறான். அந்த வரியைச் சொன்னபோதுதான் கவனித்தார். அவனும் பயந்துதான் இருந்திருக்கிறான். பயம் போன பிறகு நம்புவேன் என்று சொல்லவில்லை. பயந்துகொண்டிருக்கிற அதே நாளில்.

“சரி, பயப்படுதேன். ஏறுதேன். ரெண்டும் சேந்தே நடக்கட்டும்” என்று சத்தமாகவே சொன்னார். கீழே நின்ற தப்ரேஸ், “யாருகிட்டக்கா பேசுறீங்க?” என்றார்.

“ஒங்கிட்ட இல்ல. நீ வேலையப் பாரு.”

ஓட்டைக்குள் தலை நுழைந்தது. முழங்கை ஊன்றியது. மேலே வந்ததும் மெஷினுக்குப் போகவில்லை. ஜன்னலுக்குப் போனார். கிரிலைத் தள்ளினார். புது எண்ணெய் போட்ட கீல், சத்தமில்லாமல் திறந்தது. வெளியே எட்டிப் பார்த்தார், ஏணி இருந்தது. மூடினார். மறுபடி திறந்தார். கேஸ் குமிழைத் தொட்ட மாதிரிதான். ஆனால் இங்கே தொட்டால் திறந்தது.

மறுநாள் ஈஸ்டர். ஆராதனை நோட்டீஸில் சாட்சி சொல்பவர் பெயராக விஜயராணியை ஏற்கெனவே அச்சடித்துவிட்டார்கள். மாத்திரையைக் காணிக்கையில் போட்ட அன்றே சொர்ணம்மாள் செய்த ஏற்பாடு. பய ஆவியிலிருந்து பூரண விடுதலை பெற்ற சகோதரி என்று போட்டிருந்தது. பட்டுச் சேலை கட்டி, மாத்திரையைப் போட்டுக்கொண்டு, விஜயராணி போனார். மைக்கைக் கையில் வாங்கினார். பயம் வந்தது, அது பழக்கமான பயம்தான்.

“பூரண விடுதலைன்னு நோட்டீஸ்ல போட்டிருக்கு. அது பொய். காலையில மாத்திரை போட்டுட்டுத்தான் வந்திருக்கேன். நேத்து ஏணியில ஏறுனேன். பயந்துக்கிட்டேதான் ஏறுனேன்.”

முன் வரிசையில் சொர்ணம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்.

“பயப்படாதேன்னு எனக்குச் சொன்ன அதே கர்த்தர், கைப்பிடிச்சுவர் கட்டுன்னு வீட்டுக்காரனுக்கும் சொல்லியிருக்காரு. எனக்குச் சொன்னதை மட்டும் எல்லாரும் எடுத்து எடுத்து வாசிச்சுக் காட்டுனீங்க. அவனுக்குச் சொன்னதை ஒருத்தரும் வாசிக்கல. பூமாரிக்கு விசுவாசம் கம்மின்னா அவ எரிஞ்சா? கிரில் வெல்டிங் வச்சிருந்துச்சு, அதான் எரிஞ்சா. நான் கர்த்தர்கிட்ட இத்தனை நாள் சண்டை போட்டேன். அவரு ஒரு தடவைகூட என்னையப் பாவின்னு சொல்லல. நீங்கதான் சொன்னீங்க. இந்தச் சபையில கார்கானா வச்சிருக்கவிய இருக்கீங்க. வீட்டுக்குப் போயி ஒங்க மாலாவுக்கு எத்தனை வழின்னு எண்ணிப் பாருங்க. ஸ்தோத்திரம்.”

கை தட்டல் இல்லை, அல்லேலூயா இல்லை. பாஸ்டர் மைக்கை வாங்கினார். “ஜெபிப்போம்” என்றார். அந்த ஜெபம் சின்னதாக இருந்தது. பின் வரிசையில் பிச்சையா மட்டும் கண்ணை மூடாமல் விஜயராணியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியே, செருப்பு கிடக்கும் இடத்தில் சொர்ணம்மாள் பிடித்துக்கொண்டார்.

“மானத்தை வாங்கிட்டியேட்டி. ஒனக்காவ எத்தனை நாள் பட்டினி கெடந்து ஜெபிச்சேன்.”

“கெடந்தீங்க. மறக்கல. கஞ்சியும் கொண்டாந்தீங்க. ஆனா மாத்திரையைக் காணிக்கைப் பையில போட வச்சது நீங்கதான்கா. குழாயடியில விழுந்தவ செத்திருந்தா என்ன சாட்சி சொல்லியிருப்பீங்க?”

சொர்ணம்மாள் செருப்பைத் தேடினார். அது காலுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. வெகு நேரம் தேடினார். ஒரு காலை மட்டும் நுழைத்துக்கொண்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

“எம் மருமவ மான்குர்த்துல தைக்கப் போறா. அங்கயும் மாலாதான். ஜன்னல்ல கம்பி இருக்கு. நேத்துதான் கேட்டேன். அந்த வெல்டர் அங்கெல்லாம் வருவானா?”

“வெல்டர் வருவான். அந்த மொதலாளி சம்மதிக்கணுமே.”

“அவன் சம்மதிக்க மாட்டான்ட்டி. அவன் ஒரு மாதிரி.”

“பாயி மட்டும் ஒடனே சம்மதிச்சாரா? சண்டை போடணும். ஒங்களுக்குத்தான் நல்லா வருமே. என்கிட்ட போட்டதை அவன்கிட்ட போடுங்க.”

சொர்ணம்மாள் முறைத்தார். பிறகு மற்றக் காலையும் நுழைத்துக்கொண்டார்.

விஜயராணி திங்கட்கிழமை முதல் மேலே தைக்கிறார். காலையில் வந்ததும் கிரிலைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் உட்காருகிறார். விரல் பூட்டிக்கொள்ளும் நாட்கள் இன்னும் வருகின்றன. மாத்திரையும் நடக்கிறது. மெஷினில் பயப்படாதே அட்டை அப்படியே இருக்கிறது, அதை அவர் கிழிக்கவில்லை. அதற்குக் கீழே, கைப்பிடிச்சுவர் வசனத்தைப் பெனிட்டாவை எழுத வைத்து ஒட்டியிருக்கிறார். பெனிட்டாவின் தமிழ்க் கையெழுத்து கோணல் மாணலாக இருந்தாலும் படிக்க முடிகிறது.

வரும் செவ்வாய்க்கிழமை காலை சொர்ணம்மாளும் விஜயராணியும் மான்குர்த்துக்குப் போகிறார்கள். வெல்டரையும் கூட்டிக்கொண்டு.